பதினோரு சென்டிமீட்டர்

அந்தப் பொத்தான் சிவப்பு இல்லை.
எல்லோரும் சிவப்பென்றே நினைக்கிறார்கள்.
வெளிறிய சாம்பல், ஓரத்தில் சின்னக் குப்பைத்தொட்டி.
தொட்டால் ஒருமுறை கேட்கும்:
உறுதியா?
உறுதி என்றேன்.
வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்து.
கிளைப்பேடா துறைமுகத்தில் அதற்குள் இருட்டு.

ரிம்விதாஸ் எங்கள் கிரேன்களுக்கு நேரம் போட்டுக் கொடுத்தவன்.
ஒன்பது வருஷம். ராஜினாமாவில் காரணம் எழுதவில்லை.
கம்பெனி மெயில் அவன் சொந்தப் போனில்தான் வரும்,
எல்லோருக்கும் அப்படித்தான்.
போன் வாங்கித் தரும் செலவு மிச்சமாகட்டும் என்று
கொள்கை ஒன்று எழுதினோம்.
எழுதினோம் என்ன, எழுதினேன்.
பதினாறு பக்கம்.
ஏழாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு:
பணியாளர் விலகும் நாளில்
சாதனத்தில் உள்ளதை நிறுவனம் தொலைவிலிருந்து அழிக்கலாம்.
'உள்ளதை' என்ற சொல்லுக்கு
ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.
'நிறுவனத் தகவலை' என்றுதான் முதலில் இருந்தது.
வக்கீல் விகிந்தாஸ் சொன்னார், சுருக்கமாக இருக்கட்டும்.

திங்கட்கிழமை வந்தான்.
அவனுடைய வாசல் அட்டை செத்துப்போயிருந்தது.
காவலாளியிடம் பெயர் சொல்லி
பார்வையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.
கத்துவான் என்று
மூன்று நினைவூட்டல் மெயிலையும் அச்செடுத்து வைத்திருந்தேன்.
போனை மேசைமேல் வைத்தான்.
அன்றுதான் பிறந்ததுபோல் அது
மொழி மொழியாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

என்ன இருந்தது என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
பனி, என்றான்.

குர்ஷு காயல் உறையும் மாதங்களில்
விடியுமுன் போய்த் துளை போட்டு
துளைக்குள் அளவுகோலை விட்டு ஒரு படம்.
இடம், தேதி, காற்று.
ஒன்பது குளிர்காலம்.
எந்த வளைவில் நீரோட்டம் அடியிலிருந்து தின்னும்,
எங்கே வெள்ளையாய்ப் பொய் சொல்லும்,
எங்கே கறுப்பாய்க் கிடந்தும் ஆளைத் தாங்கும்.
ஸ்திந்தா மீனுக்குப் போகிற பத்துப் பன்னிரண்டு பேர்
காலையில் அவனைத்தான் கூப்பிடுவார்களாம்.
அவன் சொன்ன பிறகுதான் பூட்ஸ் மாட்டுவார்களாம்.

நகல் எடுத்துவைக்கச் சொன்னோமே, என்றேன்.
சொன்னீர்கள்.
வேலை சம்பந்தப்பட்டதை என்று நினைத்துவிட்டேன்.

கையெழுத்தைக் காட்டினேன்.
கண்ணாடிமேல் விரலால் போட்டது,
தூண்டில்முள் மாதிரி வளைந்து தொங்கியது.
பிணவறைக்கு அடையாளம் காட்டக் கூப்பிட்டவனைப்போல்
என்னுடையதுதான், என்றான்.
அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான்.

அன்றிரவு என் போனைப் பார்த்தேன்.
மேல் மூலையில் அதே குட்டிப் பூட்டு.
என்னை அழிக்கிற பொத்தான் யாரிடம் இருக்கிறது?
அதுவும் என்னிடம்தான்.
சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

மறுவாரம் உட்பிரிவில் ஒரு வரி சேர்த்தேன்:
பணியாளரின் சொந்தப் பதிவுகள் நீங்கலாக, உதாரணமாகப் பனி.
விகிந்தாஸ் 'பனி'யைச் சுழித்து
ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினார்.
விளக்கி எழுதினேன், இரண்டு பத்தி.
முழு வரியையும் அடித்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு நானே காயலுக்குப் போனேன்.
பையில் இரண்டு போன்.
ஒன்று அலுவலகத்துக்கு மட்டும், என் காசில் வாங்கியது.
தூரத்தில் முக்காலிகள், வாளிகள்.
அந்த மீனுக்கு நறுக்கிய வெள்ளரிக்காய் வாசம்;
குளிரில் அது எங்கிருந்தோ வந்து
சமையலறையை ஞாபகப்படுத்தியது.

ரிம்விதாஸ் நிமிரவில்லை.
அங்கேயே நில்லுங்கள், என்றான்.
துளை போட்டான். அளவுகோலை விட்டான்.
கோட்டுப் பொத்தானில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால்
கோடுபோட்ட பள்ளி நோட்டில் எழுதினான்.
பேனா அங்கே உறைந்துவிடும்.
பதினோரு சென்டிமீட்டர். வரலாம்.

உறுதியா? என்று கேட்டுவிட்டேன்.

பென்சிலை விட்டான், அது ஆடி நின்றது.
இன்றைக்கு, என்றான்.